விலைப்பலகையை மூடிவிட்டுச் சாப்பிடுங்கள்

சென்னையில் மாப்பிள்ளை வீட்டாருக்கு விருந்து என்றால் வஞ்சிரம். பதவி உயர்வு கிடைத்தவர் நண்பர்களை உணவகத்துக்குக் கூட்டிப்போனால் தவாவில் பொரித்த வஞ்சிரம். மீன்காரம்மாவிடம் ‘நல்ல மீன் இருக்கா?’ என்று கேட்டால் அவரும் அந்தப் பெயரைத்தான் முதலில் சொல்வார். வாங்க வருகிறவர் எதை நல்ல மீன் என்று நினைக்கிறார் என்பது அவருக்கு அத்துப்படி. அடுத்த படியில் வவ்வால், அதற்கும் கீழே கொடுவா, சங்கரா. இறங்க இறங்கப் பெயர்கள் மங்கிப்போய், கடைசியில் ‘பொடி மீன்’, ‘ஏரி மீன்’ என்று எல்லாம் ஒரே கூடையில் விழும். மடவை, கிழங்கான், ஊடான், கீச்சான், ஓரா, உழுவை என்று பழவேற்காட்டு ஏரி தரும் மீன்களில் பெரும்பாலானவை அந்தக் கூடையில்தான் கிடக்கின்றன. எடைபோட்டு விற்கும் மரியாதைகூடப் பலவற்றுக்கு இல்லை. கூறு கட்டி வைத்து, ‘எடுத்துக்கோ சாமி’ என்பார்கள்.

இந்த அடுக்குக்கு ஒரு நியாயமும் கைவசம் இருக்கிறது. விலை சும்மா ஏறுமா, ருசி இருப்பதால்தானே ஏறுகிறது, ஊரே மடையர்களா என்று கேட்பார்கள். படித்தவர்கள் இதையே ‘சந்தை பொய் சொல்லாது’ என்று நயமாகச் சொல்வார்கள். நான் மறுப்பது இந்த வாதத்தை. வஞ்சிரத்தின் மீது எனக்குப் பகை ஏதும் கிடையாது. விடியலில் கரையேறிய வஞ்சிரம் அருமையான மீன்தான். ஆனால் அதன் விலை அதன் ருசியின் அளவு என்பது, நாக்கைக் கேட்காமல் நாமே எழுதிக்கொண்ட தீர்ப்பு.

வஞ்சிரத்தின் விலை உண்மையில் எதற்கான விலை என்று முதலில் பார்ப்போம். அது நீளமான, உருண்ட மீன். குறுக்கே வெட்டினால் தட்டுக்குத் தட்டு ஒரே அளவில் துண்டு விழும். நடுமுள்ளை நீக்கினால் குழந்தையும் பயமில்லாமல் சாப்பிடலாம். சதை இறுக்கமானது, தவாவில் உடையாது. ஐஸில் சில நாள் கிடந்தாலும் துண்டின் வடிவம் கெடாது. உணவகம் நடத்துகிறவருக்கும் கல்யாணச் சமையல்காரருக்கும் இதைவிட வசதியான மீன் வேறெது? இத்தனை குணங்களும் கத்திக்கும் தவாவுக்கும் கிடங்குக்கும் பரிமாறுகிறவருக்கும் உதவுகின்றன. நாக்கின் பங்கு இதில் கடைசி. கிழங்கானுக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. விரல் நீள மீன், மெல்லிய சதை, பொழுது ஏறினால் குழைந்துவிடும். விலை குறைவதற்கு இவையே போதும். ருசியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசத் தேவையில்லை.

இந்த அடுக்குக்கு எதிராக வேறொரு கூட்டம் உண்டு. எதையும் நம்பாதவர்கள். ‘கண்ணைக் கட்டிவிட்டால் எல்லா மீனும் ஒன்றுதான், எல்லா இறாலும் ஒன்றுதான். ருசி என்பது மனசு. மசாலாதான் முக்கியம்’ என்பது அவர்கள் கட்சி. பண்ணை இறால் வருகிறபோது ஏரி இறால் எதற்கு என்று அடுத்த வரியில் கேட்பார்கள். விலையை நம்புகிறவரும் எதையும் நம்பாதவரும் எதிரெதிராக நிற்பதுபோலத் தெரியும். இருவருக்கும் ஒரு விஷயம் பொது: இரண்டு தரப்புமே சாப்பிட்டுப் பார்க்காமல் பேசுகிறது.

சாப்பிட்டுப் பார்ப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. மீனுக்கு அதை யாரும் இங்கே கையாளுவதில்லை. ஒயினுக்கு உலகம் அதை நெடுங்காலமாகக் கையாண்டு வருகிறது. பாட்டிலைத் துணியாலோ காகிதத்தாலோ சுற்றிவிட்டு, எண்ணை மட்டும் எழுதி, குடித்துப் பார்த்து மதிப்பெண் போடச் சொல்வார்கள். 1976 மே 24 அன்று பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி இப்படி ஒரு போட்டி வைத்தார். நடுவர்கள் பிரான்ஸின் பெரிய நாக்குகள். ஒரு பக்கம் பிரான்ஸின் புகழ்பெற்ற ஒயின்கள், மறுபக்கம் யாரும் பொருட்படுத்தாத கலிபோர்னியா. பெயரை மூடியதும் வெள்ளையிலும் சிவப்பிலும் முதலிடம் கலிபோர்னியாவுக்குப் போனது. தங்கள் ஊர்ச் சரக்கைத் தாங்களே கீழே தள்ளியது நடுவர்களுக்கு மூடியைத் திறந்த பிறகுதான் தெரிந்தது.

இத்தாலியில் நடந்தது நம் கதைக்கு இன்னும் நெருக்கமானது. டஸ்கனி கடலோரத்தில் ‘சாசிகாயா’ என்று ஒரு சிவப்பு ஒயின். அந்த நாட்டுச் சட்டம் அனுமதித்த திராட்சை வகைகளில் செய்யாததால், அதற்குக் கிடைத்த முத்திரை ‘சாப்பாட்டு மேசை ஒயின்’. முத்திரைகளிலேயே அதுதான் கடைசிப் படி, நம் பொடி மீன் கூடை மாதிரி. 1978-இல் லண்டனில் பெயர் மறைத்து நடந்த சுவைப் போட்டியில் அதன் 1972-ஆம் ஆண்டுச் சரக்கு உலகின் பல கேபர்னே திராட்சை ஒயின்களை முந்தியது. அதன் பிறகும் உரிய முத்திரை கிடைக்க 1994 வரை ஆயிற்று. நாக்கு ஒரே நாளில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. முத்திரைக்குப் பதினாறு வருஷம் பிடித்தது.

இந்தப் பேச்சை எடுத்தால் நம்பாதவர்கள் உடனே போர்டோ பரிசோதனையைக் கொண்டுவருவார்கள். 2001-இல் வெளியான ஆய்வு அது. போர்டோ பல்கலைக்கழகத்தில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களுக்கு, வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். மாணவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்கான சொற்களிலேயே வர்ணித்தார்கள். ‘பாருங்கள், சுவை என்பதே பொய்’ என்று முடித்துவிடுகிறார்கள். அந்த ஆய்வு அதைச் சொல்லவில்லை. கண் பார்த்தால் நாக்கு கண்ணுக்குக் கீழ்ப்படிகிறது என்றுதான் சொல்கிறது. அப்படியானால் கண்ணை விலக்குங்கள், பெயரை விலக்குங்கள், விலையை விலக்குங்கள். நாக்கால் முடிகிறதா இல்லையா என்று அப்புறம் பேசலாம்.

கப்பலில் எஞ்சினியராக இருக்கும் நண்பர் ஒருவர் ஜெனோவா துறைமுகத்தில் இந்த விளையாட்டைப் பார்த்துவிட்டு வந்தவர். பாட்டில்களைச் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தார்களாம். பெரும் பெயர் படைத்த பரோலோவும் கியாந்தியும் அதில் இருந்தன. எல்லோரும் கொண்டாடிய வெள்ளை ஒயின் ‘திமோராசோ’. பியத்மோந்தே பகுதியில் கிட்டத்தட்ட அழிந்துபோன திராட்சை அது. வால்டர் மாசா என்ற ஒரு விவசாயி 1980-களில் பிடிவாதமாகப் பயிரிட்டுத்தான் அது பிழைத்தது. இத்தாலியில் இப்படி 350-க்கும் மேற்பட்ட திராட்சை வகைகள் பதிவாகியிருக்கின்றன. உலகுக்குத் தெரிந்த பெயர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ‘நம்ம ஏரியில ஒயின் இல்ல, மீன் இருக்கே’ என்றார் நண்பர். அப்படித்தான் காட்டுப்பள்ளிக்கும் பழவேற்காட்டுக்கும் இடையே ஒரு குப்பத்தில், எங்களுக்குப் பழக்கமான அக்கா வீட்டுத் திண்ணையில் நாங்கள் உட்கார்ந்தோம்.

இதை ஆய்வு என்று நான் சொல்ல வரவில்லை. சிலபேர் சேர்ந்து செய்த பரிசோதனை, அவ்வளவுதான். ஆனால் ஒழுங்காகச் செய்தோம். மசாலா கிடையாது. உப்பு, மஞ்சள், கொதிநீர் மட்டும், தனித்தனிச் சட்டி. வெந்ததும் அக்கா தோலை உரித்து, முள்ளை எடுத்து, சதையை உதிர்த்து ஒரே மாதிரிக் கிண்ணங்களில் வைத்தார். கிண்ணத்துக்கு அடியில் வெவ்வேறு நிற நூல். வஞ்சிரச் சதை சற்றுச் சாம்பல், கிழங்கான் பால் வெள்ளை என்பதால் சாப்பிடுகிறவர் கண்ணைத் துண்டால் கட்டினோம். கிண்ணங்களில் இருந்தவை: அன்று விடியலில் ஃபைபர் படகில் வந்த வஞ்சிரம், காசிமேட்டில் ஐஸ் பெட்டியிலிருந்து வாங்கிய வஞ்சிரம், குளத்தில் வளர்த்த கொடுவா, ஏரியிலிருந்து மடவை, கிழங்கான், ஊடான். யாருக்கும் சொல்லாமல் விடியல் வஞ்சிரத்தை மட்டும் இரண்டு கிண்ணத்தில் வைத்தார் அக்கா. பொறி வைப்பது அவர் யோசனை.

வங்கியில் வேலை செய்யும் நண்பர், ‘வஞ்சிரத்தை வாசனையிலேயே சொல்லிடுவேன்’ என்று சவால் விட்டுத்தான் கண்ணைக் கட்டிக்கொண்டார். அவர் வஞ்சிரம் என்று அடித்துச் சொன்னது குளத்துக் கொடுவாவை. பொறிக் கிண்ணங்கள் இரண்டில் ஒன்றுக்கு நல்ல மதிப்பெண்ணும் இன்னொன்றுக்கு ‘சுமார்’ என்றும் போட்டார். அதிகம் பேர் முதலிடம் தந்தது கிழங்கானுக்கு. அடுத்து வந்தது விடியல் வஞ்சிரம். அதன் தகுதியை யாரும் மறுக்கவில்லை. ஊடான் நடுவில் நின்றது. மடவையில் கருத்து பிளந்தது. கொழுப்புச் சுவைக்காக அதைத் தலையில் வைத்துக் கொண்டாடியவர்களும் உண்டு, ‘வாடை தூக்கல்’ என்று ஒதுக்கியவரும் உண்டு. ஐஸ் பெட்டி வஞ்சிரம் குளத்துக் கொடுவாவோடு கடைசி இடத்துக்குப் போட்டி போட்டது.

பிறகு இறால். இதற்கு உணவு ஆய்வகங்களில் செய்கிற முக்கோணச் சோதனையை எடுத்துக்கொண்டோம். மூன்று கிண்ணம், இரண்டில் ஒரே சரக்கு, ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். ஊகித்தால் மூன்றில் ஒரு முறை சரியாக வரும். இரண்டில் ஏரி வெள்ளை இறால், ஒன்றில் பண்ணையில் வளர்க்கும் வனாமி இறால். ஒருவர் தவிர எல்லோரும் வனாமியைச் சரியாகப் பிரித்தார்கள். ‘எல்லா இறாலும் ஒன்றுதான்’ கட்சி அந்தத் திண்ணையிலேயே ஆட்டம் கண்டது. கண் கட்டை அவிழ்த்த வங்கி நண்பரைப் பார்த்து அக்கா சொன்னார்: “பேர மூடிட்டா நாக்கு வேல செய்யுது பாரு தம்பி.”

இதற்கு ஒரு கூர்மையான ஆட்சேபம் வரும். ‘நீங்கள் ஏரி மீனையும் கடல் மீனையும் ஒப்பிடவில்லை, புது மீனையும் பழைய மீனையும் ஒப்பிட்டிருக்கிறீர்கள்.’ விடியல் வஞ்சிரம் அதற்காகத்தான் வைக்கப்பட்டது. அப்போதும் கிழங்கான் அதற்குச் சளைக்கவில்லை. ஆனால் ஆட்சேபத்தில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி என் பக்கம்தான் பேசுகிறது. மீன் செத்த சில மணி நேரத்துக்குள் அதன் சதையில் இனோசினேட் என்ற பொருள் சேர்கிறது. புது மீனின் சாறு போன்ற சுவைக்கு அதுதான் பெரிய காரணம். நாள் ஆக ஆக அது சிதைந்து ஹைப்போஸாந்தின் ஆகும், கசப்பு ஏறும். ஐஸ் இதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. ஆழ்கடல் விசைப்படகுகள் நாட்கணக்கில் கடலில் தங்கிவிட்டுத்தான் கரைக்கு வருகின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. அப்போதும் உணவகப் பட்டியலில் வஞ்சிரம் குறைவதில்லை. மேற்குக் கரையிலிருந்து லாரியில் வருகிறது, குளிர்பதனக் கிடங்கிலிருந்து வருகிறது. அதே நாட்களில் ஏரியில் சிறு படகுகள் வலை போட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. விடியலில் பிடித்த மடவை பொன்னேரியிலும் மீஞ்சூரிலும் காலையிலேயே கூறு கட்டிக் கிடக்கும். நகரம் அதைத் தாண்டிப் போய், பழைய மீனுக்குக் கூடுதல் பணம் கொடுக்கும். இதற்குப் பெயரா சந்தையின் ஞானம்?

சிறந்த தரம் என்று சொல்லி விற்கப்படும் ‘கடல் இறால்’ கதை இன்னும் வேடிக்கை. வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக உப்பங்கழிக்குள் வந்து, அங்கே தின்று வளர்ந்து, பிறகுதான் கடலுக்குத் திரும்புகின்றன. ஏரிக்குள் பிடித்தால் ஏரி இறால், முகத்துவாரத்தைத் தாண்டிவிட்டால் கடல் இறால், விலை வேறு. பழவேற்காட்டு முகத்துவாரம் மணல் மூடிப்போகும் வருஷங்களில் மீனவர்கள் ஏன் பதறுகிறார்கள் என்று நகரத்துக்குப் புரிவதில்லை. அந்த வாய் மூடினால் இறாலின் வீட்டுக் கதவே மூடிக்கொள்கிறது.

இறாலின் இனிப்புக்கும் காரணம் இருக்கிறது. சுற்றியுள்ள நீரின் உப்பை ஈடுகட்ட இறால் தன் சதையில் கிளைசின், புரோலின், அலனின் போன்ற அமினோ அமிலங்களைச் சேர்த்துக்கொள்கிறது. நாக்குக்கு இனிப்பவை அவைதான். தண்ணீரில் உப்பு ஏறினால் அவையும் ஏறும். மழைக்காலத்தில் ஆரணியாறும் காளங்கியும் நன்னீர் கொண்டுவந்து ஏரியை நீர்க்கவைக்கும். வெயிலில் தண்ணீர் வற்றி உப்பு ஏறும். அதனால் ஒரே ஏரியின் இறால் பருவத்துக்குப் பருவம் வேறாக ருசிக்கும். உப்புக் குறைந்த உள்நாட்டுக் குளத்தில் வளர்த்த வனாமிக்கு இந்த ஏற்றம் வராது. லத்தீன் அமெரிக்காவின் பசிபிக் கரையைச் சேர்ந்த வனாமியை இந்தியா 2009-இல்தான் அனுமதித்தது. வேகமாக வளரும், ஏற்றுமதிக்கு உதவும், விவசாயிக்குப் பணம் தரும். அதற்கெல்லாம் பாராட்டலாம். ஏரி இறாலோடு அதை ஒன்றாக்கிப் பேசுவதை நாக்கு ஒப்புக்கொள்ளாது.

அடுத்து ‘மண் வாடை’. ஏரி மீன் மீது சுமத்தப்படும் நிரந்தரக் குற்றச்சாட்டு. மண் வாடை கற்பனையில்லை. ஜியோஸ்மின் என்ற பொருளால் வருவது. நீலப்பச்சைப் பாசிகளும் சில மண் நுண்ணுயிரிகளும் அதை உண்டாக்குகின்றன. அது பெரிதும் நன்னீர்க் குளங்களின் சிக்கல், உப்பு ஏறிய நீரில் குறைவு. நன்னீர்க் குளத்து மீனின் பழியைத் தூக்கி உப்பங்கழி மீனின் தலையில் போட்டுவிட்டோம். மடவையில் வாடை வருகிறதென்றால் பெரும்பாலும் ஆய்ந்தவர் கைப்பிழை. அது சேற்றில் மேயும் மீன். வயிற்றுக்குள் ஒரு கறுப்புச் சவ்வு ஒட்டியிருக்கும். அக்கா வயிற்றைக் கீறிக் குடலை எடுத்ததும், கட்டைவிரலில் கல்லுப்பைத் தொட்டுக்கொண்டு அந்தச் சவ்வை முழுக்கத் தேய்த்து எடுக்கிறார். உள்பக்கம் வெள்ளையாகும்வரை விடுவதில்லை. சந்தையில் வரிசை நிற்கும்போது அவசரத்தில் வெட்டித் தருகிறவருக்கு அதற்கு நேரமில்லை.

இதே மடவைக்கு உலகின் இன்னொரு மூலையில் என்ன மரியாதை என்று பாருங்கள். இத்தாலியின் சார்டினியாத் தீவில் காப்ராஸ் என்ற உப்பேரி. அங்கேயும் மடவைதான், ‘முகில் செபாலஸ்’ என்ற அதே இனம். அதன் சினையைப் பை கிழியாமல் எடுத்து, உப்பிட்டு, அழுத்தி, காயவைத்துப் ‘பொத்தார்கா’ செய்கிறார்கள். மெல்லிசாகச் சீவியோ பாஸ்தாமீது துருவியோ சாப்பிடுவார்கள். ஏரிக்காரர்களின் தங்கம் அது. கூடவே குடிப்பது ‘வெர்னாச்சா தி ஒரிஸ்தானோ’ என்ற உள்ளூர் ஒயின். பீப்பாயை முழுக்க நிரப்பாமல் விட்டு, மேலே ஈஸ்ட் ஆடை படர வைத்துப் பக்குவப்படுத்துவார்கள். இத்தாலிக்கு வெளியே அதிகம் பேர் கேள்விப்படாத ஒயின். ஆனால் 1971-லேயே சட்டப்படி ஊர்ப் பெயர்ப் பாதுகாப்புப் பெற்றுவிட்டது. ஏரியும் மீனும் ஒயினும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. நம் ஊரில் அதே சினை, மீன் ஆயும்போது தனியே எடுத்துவைத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொரித்துக் கொடுக்கிற பண்டம். அதற்கு விலையும் இல்லை, பெயர் எழுதிய பலகையும் இல்லை.

‘மீனவர்களே வஞ்சிரத்தைத்தானே உயர்த்தி விற்கிறார்கள்’ என்பார்கள். விற்கிறார்கள். தின்பதைப் பாருங்கள். அக்கா வீட்டில் காய்ச்சலில் எழுந்தவருக்கும் பால்குடி மறந்த குழந்தைக்கும் கிழங்கான்தான். “வித்தா காசு வராது, அதான் வூட்டுக்கு எடுத்துக்குவோம். நஷ்டம் எங்களுக்கு இல்ல தம்பி” என்று சிரிக்கிறார். வேறு வழியில்லாமல் தின்கிறார்கள் என்று இதைத் தள்ளிவிடலாம். அப்படியானால் நல்ல நாள் பெரிய நாளில், கையில் காசு இருக்கும்போதும், ஏரி இறாலையும் களி நண்டையும் ஏன் தேடுகிறார்கள்?

கடைசி ஆட்சேபம் கனமானது. ‘அந்தப் பக்கத்துத் தண்ணீரே கெட்டுவிட்டது. எண்ணூரில் சாம்பல், எண்ணெய். அந்த மீனை எப்படித் தின்பது?’ அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலையாற்றில் கலந்ததும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்ததும் எல்லோரும் பார்த்தவை. இந்தக் கவலையை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். ஆனால் இது நாக்கு தீர்க்கும் கேள்வியில்லை, ஆய்வகம் தீர்க்க வேண்டியது. எந்த இடத்து நீர், எந்த மீன், எவ்வளவு உலோகம் என்று அரசு தொடர்ந்து சோதித்து, இடம்வாரியாக வெளியிட வேண்டும். எண்ணூர்க் கழிமுகத்துக்கும் பழவேற்காட்டு ஏரிக்கும் நடுவே பக்கிங்ஹாம் கால்வாய் ஓடினாலும் இரண்டும் ஒரே இடமில்லை. ‘ஏரி மீன்’ என்று மொத்தமாக ஒதுக்குவது சோதனையாகாது. சோதனை என்று வந்தால் வஞ்சிரத்துக்கும் விலக்கு இல்லை. பெரிய வேட்டை மீன்களின் உடலில் பாதரசம் சேர்கிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகளைத் தவிர்க்கச் சொல்லும் மீன்களில் வஞ்சிரத்தின் நெருங்கிய உறவான கிங் மேக்கரலும் ஒன்று. சுத்தம் பற்றிய பயம் சின்ன மீனைப் பார்த்தால் மட்டும் வருகிறதென்றால், அது சுத்தத்தைப் பற்றியது இல்லை.

இவ்வளவு நேரம் ருசியைப் பற்றித்தானே பேச்சு, இதற்கு ஏன் இத்தனை கோபம் என்று கேட்கலாம். காட்டுப்பள்ளியில் நின்று பார்த்தால் காரணம் தெரியும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கால்வாயும் ஆறும், நடுவே மணல் தீவு. 2010-இல் இங்கே வந்த ஆலை, கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுத்துச் சென்னைக்குத் தருவதற்காகக் கட்டப்பட்டது. லார்சன் அண்ட் டூப்ரோ கட்டிய துறைமுகம் 2018-இல் அதானி குழுமத்திடம் போனது. ஏறக்குறைய 330 ஏக்கரில் இருக்கும் அதை 6,110 ஏக்கராக விரிக்கத் திட்டம் போடப்பட்டது. 2021 ஜனவரி 22-க்கு அறிவிக்கப்பட்ட பொதுக் கருத்துக்கேட்பு, எதிர்ப்புக்கு நடுவே தள்ளிவைக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் மறுபடி அறிவித்ததும் அப்படியே ஆனது. திட்டத்துக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: ‘அங்கே அப்படி என்ன வருமானம் வருகிறது?’

அந்தக் கேள்விக்குச் சந்தை விலையில் பதில் சொன்னால் ஏரி தோற்றுவிடும். பிடிபடும் மீனின் எடையை விலையால் பெருக்கினால் வருவதுதான் ஏரியின் மதிப்பு என்று கணக்குப் போடுவார்கள். மடவைக்கும் ஊடானுக்கும் கூறு விலை; பெருக்கினால் சிறு தொகை. கடலில் பிடிபடும் இறாலின் நாற்றங்கால் இங்கே இருக்கிறது என்பது அந்தக் கணக்கில் ஏறாது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று சேற்றைக் கையால் தடவி இறால் எடுத்து, பல்லில் கடித்த பறியில் போடும் இருளர் பெண்ணின் நாட்கூலியும் ஏறாது. எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ ஒழுங்கும் ஏறாது. பெயர் தெரியாத மீனுக்கு விலை கிடையாது. விலை கிடையாத மீனின் ஏரிக்கு மதிப்புக் கிடையாது. மதிப்பில்லாத இடத்தில் எதையும் கொட்டலாம், எதையும் கட்டலாம். நகரத்தின் தட்டில் தொடங்கும் அலட்சியம் இப்படித்தான் வரைபடத்தில் போய் முடிகிறது.

மீன் விலை ஏறினால் ஏரி பிழைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. விலை ஏறினால் வியாபாரி முதலில் கொழுப்பான், அளவுக்கு மீறிப் பிடிக்கும் ஆசையும் வரும். களி நண்டு அதற்கு உதாரணம்: கால் கட்டி உயிரோடு சிங்கப்பூருக்கு விமானம் ஏறுகிறது, பிடித்தவர் வீட்டில் கூரை மாறவில்லை. நான் கேட்பது விலைக்கு முந்தைய ஒரு காரியம். எது நல்ல மீன் என்ற முடிவை விலைப்பலகையிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

பழவேற்காட்டுக்குப் பூநாரை பார்க்கப் போகிறவர்கள் கரையோரக் கடையில் உட்கார்ந்து வஞ்சிரம் பொரித்துத் தரச் சொல்கிறார்கள். எதிரே ஏரியில் மடவை துள்ளிக்கொண்டிருக்கும். அடுத்த முறை அங்கே போனாலும் சரி, உங்கள் தெரு முனை மீன்கடைக்குப் போனாலும் சரி, ‘வஞ்சிரம் இருக்கா?’ என்று கேட்காதீர்கள். ‘இன்னிக்கு விடியல்ல வந்தது எது? எங்கே பிடிச்சது?’ என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் மூன்று கிண்ணம் எடுத்து, இரண்டில் ஒரே மீனை வைத்து, கண்ணைக் கட்டிக்கொண்டு சாப்பிட்டுப் பாருங்கள். வஞ்சிரம் ஜெயித்தால் மனநிறைவோடு அதையே வாங்குங்கள். கிழங்கான் ஜெயித்தால், இத்தனை காலம் எதற்குக் கூடுதல் பணம் கொடுத்தோம் என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.